டெல் அவிவில் யூதப் பண்டிகைகள்: போகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

நான் தூத்துக்குடிக்காரி. கணவரின் ஆராய்ச்சி வேலைக்காக இஸ்ரேலின் டெல் அவிவ் நகரில், கடலிலிருந்து மூன்று தெரு தள்ளி, நாலரை வருடம் குடியிருந்தேன். வேலைக்கோ படிப்புக்கோ அங்கே போகிறவர்கள் யாராவது போனில் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகளில் பாதி பண்டிகை பற்றித்தான். கடை திறந்திருக்குமா, பஸ் ஓடுமா, சோறு கிடைக்குமா, கூப்பிட்டால் போகலாமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பண்டிகைத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறதே, எப்படிக் கணக்கு வைத்துக்கொள்வது?

நிலாவைப் பாருங்கள், போதும். எபிரேய மாதம் அமாவாசையை ஒட்டிப் பிறக்கிறது. பதினைந்தாம் நாள் பௌர்ணமி. பெரிய பண்டிகைகளில் பல அந்தப் பௌர்ணமியில்தான் வரும்: பெசாக் எனும் பஸ்கா (முன்னோர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீண்டதன் நினைவு), சுக்கோத் எனும் கூடாரப் பண்டிகை, மரங்களின் புத்தாண்டான து பிஷ்வாத். பூரிம் அதற்கு ஒரு நாள் முன்பு, பதினான்காம் நாள்.

பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள்தான். அப்படியே விட்டால் பண்டிகை பருவம் தவறிப் போகும். பெசாக் வசந்த காலத்தில்தான் வரவேண்டும் என்பது அவர்கள் வேதத்தின் விதி. அதனால் 19 வருடத்துக்கு 7 முறை ஓர் அதிக மாதம் சேர்க்கிறார்கள். அதிக மாசம் என்று நம் பஞ்சாங்கக்காரர்கள் சொல்வது போலத்தான். இதனால் பெசாக் சில வருடம் நம் பங்குனிப் பௌர்ணமியை ஒட்டியும், சில வருடம் சித்ரா பௌர்ணமியை ஒட்டியும் வரும். 2024ல் து பிஷ்வாத்தும் தைப்பூசமும் ஒரே நாள், ஜனவரி 25. அன்று மாடியில் நின்று நிலாவைப் பார்த்தபோது அம்மா வீடு ஞாபகம் வந்தது.

காலண்டரில் ஒரு தேதி இருக்கிறது, ஆனால் முந்தின நாளே கடையை மூடுகிறார்களே?

அவர்களுக்கு நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. சப்பாத் என்னும் வார ஓய்வுநாளும் அப்படித்தான், வெள்ளி மாலை தொடங்கி சனி இருட்டிய பிறகு முடியும். ஆகவே வெள்ளிக்கிழமை மதியமே கார்மெல் சந்தைக்குப் போய் வாங்கவேண்டியதை வாங்கிவிடுங்கள். வழக்கமான பஸ்ஸும் ரயிலும் நின்றுவிடும். ‘ஷெருத்’ எனப்படும் பங்கு வண்டி சில தடங்களில் ஓடும். 2019 நவம்பரில் மாநகராட்சி சில பக்கத்து ஊர்களோடு சேர்ந்து வார இறுதி பஸ் சேவையும் ஆரம்பித்தது. வாரம் தொடங்குவது ஞாயிறன்று. முதல் ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் போகும்போது மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும், பழகிவிடும்.

லிப்ட் ஒவ்வொரு மாடியிலும் தானாக நின்று நின்று போனால் பழுது என்று நினைக்க வேண்டாம். சப்பாத்தில் பொத்தானை அழுத்தாதவர்களுக்காக வைத்த ஏற்பாடு அது.

டெல் அவிவ்காரர்கள் சாமி கும்பிடாதவர்கள் என்கிறார்களே, அங்கே பண்டிகையெல்லாம் தெரியுமா?

ஜெருசலேமோடு ஒப்பிட்டால் அது உண்மைதான். சனிக்கிழமை கடற்கரையில் நிற்கிற கூட்டத்தில் தொப்பி வைத்தவரைத் தேடவேண்டும். ஆனால் பண்டிகைக் கணக்கு அவர்கள் எலும்புக்குள் இருக்கிறது. அந்த ஊர் பிறந்ததே ஒரு பெசாக் விடுமுறையில்தான். 1909 ஏப்ரல் 11, பெசாக் வாரத்தின் இடைநாள் ஒன்றில், யாஃபா துறைமுகத்துக்கு வடக்கே இருந்த மணல்மேட்டில் குடும்பங்கள் கூடின. கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளில் ஒரு நிறத்தில் பெயர்களையும் மற்ற நிறத்தில் மனை எண்களையும் எழுதிக் குலுக்கிப் போட்டு மனைகளைப் பிரித்துக்கொண்டார்கள். சிப்பியில் குலுக்கல் போட்ட ஊர் என்று கேட்டதும், முத்துக்குளித்துறையில் பிறந்த எனக்கு அந்த இடம் கொஞ்சம் சொந்தமாகிவிட்டது.

புத்தாண்டில் கடலில் ரொட்டித் துண்டு போடுவது எதற்கு?

ரோஷ் ஹஷானா என்பது யூதப் புத்தாண்டு. செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வரும், இரண்டு நாள். ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிடுவது, மாதுளை, மேசையில் ஒரு மீன் தலை, ஜெப ஆலயத்தில் ஆட்டுக்கொம்பு ஊதுவது, இவையெல்லாம் எந்த ஊரிலும் உண்டு. முதல் நாள் சாயங்காலம் நீர்நிலைக்குப் போய்ப் பாவங்களை எறிந்துவிடும் சடங்குக்கு ‘தஷ்லிக்’ என்று பெயர். “பாவங்களைக் கடலின் ஆழத்தில் போடுவார்” என்று மீகா தீர்க்கதரிசி சொன்னதுதான் அடிப்படை. மற்ற ஊரில் குளத்தையும் ஓடையையும் தேடிப் போவார்கள். இங்கே கடல் வாசலிலேயே இருக்கிறது.

நான் பார்த்த காட்சி: கறுப்புக் கோட்டுப் போட்ட தாத்தா ஒருவர் கால்சட்டைப் பையை வெளியே இழுத்து உதறிக்கொண்டிருந்தார். அவருக்குப் பத்தடி தள்ளி இரண்டு பையன்கள் நீச்சலுடையில் மட்டைப்பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பந்து தாத்தாவின் காலடியில் போய் விழுந்தது. அவர் அதை எடுத்து வீசிவிட்டு, அடுத்த பையை உதற ஆரம்பித்தார்.

யோம் கிப்பூர் அன்று என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் நிறையப் பேசுவேன், மன்னிக்கவும்.

புத்தாண்டுக்குப் பத்தாம் நாள் வரும் பாவநிவாரண நாள் அது. சுமார் 25 மணி நேரம் சாப்பாடு தண்ணீர் இல்லாத விரதம். விமான நிலையம் மூடிவிடும், உள்ளூர் டிவி சேனல்கள் நின்றுவிடும், ஓட்டல், கடை எதுவும் கிடையாது. கார் ஓட்டக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் ஒருவரும் ஓட்டமாட்டார்கள். ஆம்புலன்ஸ் போனால் உண்டு. பன்றிக்கறி விற்கிற கடைக்காரர்கூட அன்று வண்டியை எடுக்கமாட்டார். இந்த ஊரைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் வருடம் எனக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பால் வாங்க இறங்கினேன். பென் யெஹூதா தெரு முழுக்க ஷட்டர். திரும்பி வந்து பால் இல்லாத டீயோடு பால்கனியில் உட்கார்ந்தேன். இருட்டிக்கொண்டு வந்தபோது ஏதோ ஒரு சத்தம் கேட்டது. விட்டு விட்டு, மூச்சு போல. ஒரு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன், கேட்டதே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, அது அலைச்சத்தம். பஸ் ஓடுகிற நாளில் மூன்று தெரு தாண்டி அது வந்து சேராது.

அப்புறம் சைக்கிள் ஆரம்பித்தது. ஊரிலுள்ள குழந்தைகள் அத்தனையும் சைக்கிளிலும் ஸ்கேட்டிலும் நடுரோட்டில். பெரிய பிள்ளைகள் அயலோன் நெடுஞ்சாலைக்கே போய்விடும். மற்ற நாளில் வண்டிகள் சீறிப்பாய்கிற இடத்தில் அன்று அப்பாக்கள் மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்கள். பண்டிகைக்கு முந்தின வாரம் சைக்கிள் கடைகளில் நிற்க இடம் இருக்காது. பக்தர்களுக்கு இது பிடிப்பதில்லை, விரத நாளை விளையாட்டு நாளாக்கிவிட்டார்கள் என்று வருத்தம்.

மறுபக்கத்துச் சண்டையும் உண்டு. 2023ல் டிசங்காஃப் சதுக்கத்தில் திறந்தவெளித் தொழுகைக்கு ஆண் பெண்ணைப் பிரித்துத் தடுப்பு வைக்க முயன்றபோது, அக்கம்பக்கத்துக்காரர்கள் எதிர்த்துப் பெரிய ரகளையானது. ஆக, எல்லாரும் கைகோத்துக் கொண்டாடுகிறார்கள் என்று நான் கதைவிடப் போவதில்லை.

வயதானவர்களுக்கு அந்த அமைதி வேறு மாதிரி. 1973 அக்டோபர் 6, யோம் கிப்பூர் அன்று மதியம்தான் எகிப்தும் சிரியாவும் போர் தொடங்கின. ஊமையாக இருந்த ரேடியோ திடீரென்று பேச ஆரம்பித்ததை எங்கள் மாடிவீட்டுப் பாட்டி ஒவ்வொரு வருடமும் சொல்வார்.

நீங்கள் செய்யவேண்டியது: முந்தின நாள் மதியத்துக்குள் பால், தயிர், காய் வாங்கி வையுங்கள். வண்டி எடுக்காதீர்கள். வீட்டுக்குள் சாப்பிடுங்கள், தெருவில் நின்று சாப்பிடவேண்டாம். விரதமா என்று யாரையும் கேட்காதீர்கள், அது அவரவர் விஷயம்.

பால்கனியில் பந்தல் போடுகிறார்களே, அது என்ன?

சுக்கோத். யோம் கிப்பூருக்கு ஐந்தாம் நாள் தொடங்கி ஒரு வாரம். எகிப்திலிருந்து வெளியேறிப் பாலைவனத்தில் கூடாரத்தில் வாழ்ந்ததன் நினைவு, கூடவே அறுவடைத் திருநாள். பந்தலின் கூரை ஓலையோ கிளையோதான், வானம் தெரிகிற மாதிரி இருக்கவேண்டும். மேலே இன்னொரு பால்கனி வந்தால் பந்தல் செல்லாது. அதனால் பக்தர்கள் அதிகமுள்ள பக்கத்து ஊர் ப்னே ப்ராக்கில் பால்கனிகளை மாடிக்கு மாடி தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பதைப் பார்க்கலாம்.

கையில் நான்கு பொருள் பிடித்து ஆட்டுவார்கள்: விரியாத பேரீச்சங்குருத்து, மிர்ட்டில் கொத்து, வில்லோ கொத்து, அப்புறம் ‘எத்ரோக்’ என்ற பழம். அதைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்திருப்பார்கள், நகை போல. எனக்கு ஒருமுறை மோந்து பார்க்கக் கொடுத்தார்கள். மோந்த உடனே நாக்கில் ஊறியது நார்த்தங்காய் ஊறுகாய். நெருங்கிய சொந்தம்தான் இரண்டும். ஊறுகாய் போடலாமே என்று சொல்ல வாயெடுத்தேன், விலையைக் கேட்டதும் மூடிக்கொண்டேன்.

வாரம் முடிந்ததும் வரும் திருநாளில் மழைக்கான வேண்டுதல் தொடங்கும். அந்த ஊரில் கோடை முழுக்க ஒரு துளி விழாது. அக்டோபருக்குப் பிறகுதான் மழை, நம் வடகிழக்குப் பருவமழைக் காலம் போலவே. ஆனால் “மழை கொடு” என்று நேராகக் கேட்பதை இரண்டு வாரம் தள்ளிப்போடுவார்கள். பழைய காலத்தில் ஜெருசலேமுக்கு வந்த யாத்திரிகர்கள் நனையாமல் ஊர் போய்ச் சேரட்டும் என்று வைத்த ஏற்பாடாம். அதே நாளில் சிம்காத் தோரா, வேதச்சுருளைத் தூக்கிக்கொண்டு ஆடுகிற நாள். 2023 அக்டோபர் 7, ஹமாஸ் தாக்குதல் நடந்து, காசாப் போர் வெடித்த அந்த நாள், சிம்காத் தோராதான். இப்போது அந்த நாளில் யாரையும் சும்மா வாழ்த்திவிட முடியவில்லை.

ஹனுக்கா அவர்களுடைய தீபாவளியா?

கார்த்திகை தீபம் என்று சொன்னால் இன்னும் பொருந்தும். டிசம்பர் வாக்கில், எட்டு இரவு, தினம் ஒரு விளக்கு கூடும். எபிரேய மாதத்தின் 25ஆம் நாள், தேய்பிறையில் தொடங்கி அமாவாசையைத் தாண்டிப் போவதால் நிலா இல்லாத இருட்டில் ஜன்னல் ஜன்னலாக எரிவது அழகு. பட்டாசு கிடையாது. பழைய கோயிலில் ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்கிற அற்புதத்தின் நினைவு என்பதால் எண்ணெயில் பொரித்ததைத் தின்பார்கள். ‘சுஃப்கானியா’ என்ற ஜாம் வைத்த உருண்டை பல வாரம் முன்பே கடைக்கு வந்துவிடும். பிள்ளைகளின் பம்பரத்தில் நான்கு எழுத்து இருக்கும், “பெரிய அற்புதம் இங்கே நடந்தது” என்பதன் முதலெழுத்துகள். வெளிநாட்டுப் பம்பரத்தில் ‘இங்கே’வுக்குப் பதில் ‘அங்கே’.

பூரிம் அன்று வேஷம் போடவேண்டுமா?

போடுங்கள். போடாவிட்டால்தான் எல்லாரும் பார்ப்பார்கள். அன்று வங்கிக்குப் போனேன், கவுன்ட்டரில் இருந்த அம்மா முயல்காது மாட்டிக்கொண்டு முகத்தைச் சீரியஸாக வைத்து, பாஸ்போர்ட் நகல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்.

பாரசீக அரண்மனையில் எஸ்தர் ராணி தன் மக்களைக் காப்பாற்றிய கதைதான் பூரிம். எஸ்தர் புத்தகத்தை வாசிக்கும்போது வில்லன் ஹாமான் பெயர் வரும்போதெல்லாம் கிலுகிலுப்பையைச் சுற்றிச் சத்தம் போடவேண்டும். அவன் காது என்று ஒரு முக்கோண பிஸ்கட்டும் உண்டு. எஸ்தர் புத்தகத்தின் முதல் வரியிலேயே ‘ஹோதூ’ வருகிறது, அதாவது இந்தியா. இந்தியா முதல் கூஷ் வரை 127 நாடுகளை ஆண்ட ராஜா என்று கதை தொடங்கும். எபிரேயத்தில் வான்கோழிக்கும் அதே பெயர். நீங்கள் ஹோதூவிலிருந்து வந்தவர் என்றால் இந்த இரண்டையும் வைத்து யாராவது ஒரு ஜோக் அடிப்பார், சிரித்துவிடுங்கள்.

டெல் அவிவின் பூரிம் ஊர்வலம் 1912ல் தொடங்கியது. 1930களில் அதற்கு ‘அத்லோயாதா’ என்று பெயர் வைத்தார்கள். ‘அறியாமல் போகும்வரை’ என்று பொருள். ஹாமானைச் சபிக்கிறோமா, எஸ்தரின் உறவினர் மொர்தெகாயை வாழ்த்துகிறோமா என்பது தெரியாமல் போகும்வரை குடிக்கலாம் என்று தால்மூத் என்ற பழைய யூதச் சட்ட நூலில் வரும் வாக்கிலிருந்து வந்தது. இப்போது தெருக்கொண்டாட்டம் ஃப்ளோரென்டின் பக்கம். இரவு அந்தத் தெருவில் குழந்தையோடு போகவேண்டாம்.

ஜெருசலேமில் பூரிம் ஒரு நாள் தள்ளி வரும், பழைய மதில் நகரம் என்பதால். யாஃபாவும் அப்படிப்பட்ட மதில் நகரமா என்று சந்தேகம் இருப்பதால் அங்கே சில பக்தர்கள் எஸ்தர் புத்தகத்தை இரண்டு நாளும் வாசிப்பார்கள். டெல் அவிவிலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

பெசாக் வாரத்தில் அரிசி, பருப்பு, இட்லி மாவு கிடைக்குமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதில்: கிடைக்கும், கொஞ்சம் தேடவேண்டும்.

விலக்கு ‘ஹமேட்ஸ்’ என்பதற்கு. கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியமும் தண்ணீர் பட்டுப் புளித்தால் ஹமேட்ஸ். புளிக்காத அப்பமான மாட்சா, மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் வெந்து வெளியே வந்தாக வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் பிரெட், பாஸ்தா வரிசைகளை வெள்ளைத் தாளால் மூடிவிடுவார்கள். 1986ல் வந்த ஒரு சட்டம் ஹமேட்ஸைப் பொது இடத்தில் விற்பனைக்கு வைப்பதைத் தடுக்கிறது. டெல் அவிவில் பல ஓட்டல்கள் அதையும் மீறி ஏதோ ஒரு வழியில் பிரெட் பரிமாறத்தான் செய்கின்றன. அரசாங்கம் தன் வசமுள்ள ஹமேட்ஸ் முழுவதையும் யூதரல்லாத ஒருவருக்குப் பத்திரம் எழுதி விற்று, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

அரிசி, பருப்பு, உளுந்து ஆகியவை ஹமேட்ஸ் அல்ல. ஆனால் ஐரோப்பிய வழியில் வந்த அஷ்கெநாசி யூதர்கள் அவற்றையும் தொடமாட்டார்கள். ஈராக் போன்ற கிழக்கத்திய நாடுகளிலிருந்து வந்த பலர் சாப்பிடுவார்கள். ஆக, அழைத்த வீடு எந்த வழி என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பக்கத்து ஊரான ராமத் கானில் ஓர் ஈராக்கிக் குடும்பம் எங்களை விருந்துக்குக் கூப்பிட்டது. முந்தின வாரம் போனபோது பாட்டி சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அரிசியைக் கொட்டி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோதுமை மணிகூட கலந்திருக்கக்கூடாதாம், மூன்று தடவை பார்க்கவேண்டுமாம். முறத்தில் கல் பொறுக்கிப் பழகிய கை எனக்கு. நானும் உட்கார்ந்தேன். அந்த அரைமணி நேரத்தில் நாங்கள் மொழி இல்லாமலே சிநேகிதமானோம். மாங்காய்த் தொக்கு மாதிரி ‘அம்பா’ என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பம்பாயில் வியாபாரம் செய்த பாக்தாத் யூதர்கள் இங்கிருந்து கொண்டுபோன ருசி அது.

அரிசி ஆகும் என்று தெரிந்ததும் நான் புத்திசாலித்தனமாக முறுக்கு சுட்டுக் கொண்டுபோனேன். அரிசி மாவு, உளுந்து மாவு, குறையே இல்லை என்று நினைப்பு. பாட்டி டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். “இது என்ன வாசனை?” பெருங்காயம் என்பதை எப்படிச் சொல்வது? வீட்டுக்குப் போய் டப்பியைப் படம் எடுத்து அனுப்பினேன். எடுக்கும்போதுதான் நானே படித்தேன்: கோதுமை மாவு. கூட்டுப் பெருங்காயம் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்த்ததுதான், இருபது வருடமாக வாங்குகிறேன், பார்த்ததில்லை. முறுக்கு டப்பா பண்டிகை முடியும்வரை அவர்கள் வீட்டு வாசலுக்கு வெளியே, காவலாளியின் மேசையில் இருந்தது. அவருக்கு நல்ல வேட்டை.

விருந்துக்கு ‘செதெர்’ என்று பெயர். பசியோடு போகாதீர்கள். வீட்டின் கடைக்குட்டி நான்கு கேள்வி கேட்கும், அதற்குப் பதிலாக எகிப்திலிருந்து மீண்ட கதை முழுவதையும் படித்துப் பாடி முடித்த பிறகுதான் சாப்பாடு. மணி பத்தாகிவிடும்.

மிமூனா என்றால்?

பெசாக் முடிந்த அன்று இரவே மொராக்கோ யூதர்கள் கதவைத் திறந்து வைத்துவிடுவார்கள். ‘முஃப்லேத்தா’ என்று மெல்லிய சுடச்சுட ரொட்டி, வெண்ணெய், தேன். ஒரு வாரம் மாட்சா தின்ற வாய்க்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மறுநாள் கடலில் காலை நனைத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. கூப்பிட்டால் தவறவிடாதீர்கள்.

சைரன் அடித்தால்?

ஏப்ரல், மே வாக்கில் இரண்டு நினைவு நாட்கள். நாஜிக்கள் செய்த யூத இனப்படுகொலையின் நினைவு நாளில் காலை பத்து மணிக்கு, போரில் இறந்தவர்கள் நினைவு நாளில் முந்தின இரவு எட்டுக்கும் காலை பதினொன்றுக்கும். முழு ஊரும் நின்றுவிடும், காரை நிறுத்தி இறங்கி நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள். அது ஏற்ற இறக்கமில்லாத ஒரே சுருதி. ஏறி இறங்கினால் அது ஆபத்துச் சைரன், பதுங்கறைக்கு ஓடவேண்டும். இந்த வித்தியாசத்தை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

மே மாதம் ஊரெல்லாம் புகை, ஏன்?

லாக் பஓமர். பெசாக்கிலிருந்து எண்ணும் நாட்களில் முப்பத்துமூன்றாவது. பிள்ளைகள் வாரக்கணக்கில் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் பலகையும் கட்டையும் திருடாத குறையாகச் சேர்த்து வைத்து, இரவு தீ மூட்டுவார்கள். சென்னையில் போகி பார்த்தவர்களுக்கு விளக்கவேண்டாம். துணியை மாடியில் காயப்போடாதீர்கள்.

நான் சைவம். பண்டிகைச் சாப்பாட்டில் எதை நம்பலாம்?

ஷவுவோத் உங்கள் பண்டிகை. ஜூன் வாக்கில், வெள்ளை உடை, பாலாடைக்கட்டி, சீஸ் கேக், எல்லாமே பால் பொருள். மற்ற நாளில் ஓர் எச்சரிக்கை: பாக்கெட்டில் ‘பர்வே’ என்று போட்டிருந்தால் பாலும் இல்லை இறைச்சியும் இல்லை என்றுதான் அர்த்தம். முட்டையும் மீனும் அவர்கள் கணக்கில் பர்வேதான். என் சிநேகிதி ஒருத்தி இதை ஒரு மாதம் கழித்துக் கண்டுபிடித்தாள்.

பண்டிகை விடுமுறையில் கடலில் குளிக்கலாமா?

கொடியைப் பாருங்கள். வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் ஆபத்து, கறுப்பு என்றால் இறங்கவே கூடாது. உயிர்காப்பாளர் இல்லாத நேரத்தில் இறங்கவேண்டாம், யோம் கிப்பூர் அன்று நிச்சயமாக வேண்டாம். பெண்கள் மட்டும் தனியாகக் குளிக்க நோர்தௌ கடற்கரையில் மறைப்புக் கட்டிய பகுதி உண்டு. ஞாயிறு, செவ்வாய், வியாழன் பெண்களுக்கு.

நம் பொங்கலை அங்கே கொண்டாட முடியுமா?

ஏன் முடியாது? லெவின்ஸ்கி சந்தையில் வெல்லத்துக்கு ஏறக்குறைய ஒன்று கிடைக்கும், முந்திரி, ஏலக்காய் தாராளம். கரும்புக்கு ஆசைப்படாதீர்கள். நான் மின்னடுப்பில் பால் பொங்கவைத்து, பொங்கியது வழிந்து அடுப்பு அணைந்து, “பொங்கலோ பொங்கல்” பாதியில் நின்றது. சத்தம் கேட்டு மாடிவீட்டுப் பாட்டி இறங்கி வந்தார். து பிஷ்வாத்துக்காக வாங்கி வைத்திருந்த உலர்ந்த அத்திப்பழத்தையும் பேரீச்சையையும் அள்ளி வந்து சர்க்கரைப் பொங்கல் மேல் போட்டார், நன்றாகத்தான் இருந்தது.

“அடுத்த வருடம் இது எந்தத் தேதி?” என்று கேட்டார், காலண்டரில் குறித்துக்கொள்ள.

“இதே தேதிதான். சூரியக் கணக்கு, மாறாது.”

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பண்டிகை என்றால் நகரவேண்டாமா? “அப்போ எந்த நாள் என்று உங்கள் வீட்டில் சண்டையே வராதா?”

சில வருடம் 14, சில வருடம் 15 என்று சொல்லி, அதற்கும் சண்டை உண்டு என்றேன். அதைக் கேட்டபிறகுதான் அவர் ஸ்பூனை எடுத்தார்.